நான் தளர்த்திய திருகு

என் மனைவி எஸ்தருக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலின் திருகை, யாரும் கவனிக்காத நேரம் பார்த்து, மூன்று நாட்கள் தளர்த்திவிட்டவன் நான். அதனால் அவள் சாகக் கிடந்தாள். பழி வார்டு நர்ஸ் தேசம்மாள் மீது விழுந்தது. டாக்டர் அவளை விசாரித்தபோது இரண்டடி தள்ளி நின்றுகொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் திறந்ததும் அவளுக்கு எதிராகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஆஸ்பத்திரியைப் பற்றி நான் அலுத்துக்கொள்ளும் இடங்கள் வரும். அங்கே என்னை எந்த அளவுக்கு நம்புவது என்பதை வாசிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

தாம்பரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தினேன். இது நடந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது, எஸ்தருக்கு நாற்பத்து நாலு. அறுபத்தாறாம் வருஷம் கோடை முழுவதும் அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. சாப்பிட்ட அரைமணியில் வயிற்றை முறுக்கும். பிறகு வாந்தி. முதலில் பித்தம் என்றார்கள், அப்புறம் புண் என்றார்கள். ஒருவர் கொடுத்த மருந்தை இன்னொருவர் நிறுத்துவார். மூன்று மாதம் இப்படியே ஓடியது. கடைசி ஐந்து வாரம் அவள் வயிற்றில் தங்கியது கஞ்சித் தண்ணீரும் மோரும்தான். தெருக்கோடி அரிசி மண்டியின் தராசில் ஒருநாள் வேடிக்கைபோல அவளை நிற்கவைத்தேன். முப்பது கிலோ. மண்டிக்காரர் தராசுதான் கெட்டுவிட்டது என்று சொல்லி இன்னொரு முறை நிறுத்தினார்.

பிறகுதான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கே எல்லாவற்றுக்கும் வரிசை. சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை. எக்ஸ்ரேக்கு இரண்டு நாள். அந்தப் படத்தைப் பார்க்க வேண்டிய டாக்டர் லீவு என்று இன்னும் மூன்று நாள். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்ததன் கீழே உட்கார்ந்துதான் நான் நாலைந்து பேரிடம் சத்தம் போட்டேன். ஒன்றும் நகரவில்லை. கடைசியில் பெரிய டாக்டர் ஞானமுத்து படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குடல்ல டி.பி. வந்து ஒரு இடத்துல சுருங்கிப்போச்சு. தோட்டத்துக் குழாயை மிதிச்ச மாதிரி. அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு மீதியைத் தைக்கணும்" என்றார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. என் பொறுமைதான் அதற்குப் பிறகு தீர்ந்துபோனது.

குடல் திறந்துவிட்டது, இனி சாப்பாடு போட்டுத் தேற்றவேண்டியதுதான் பாக்கி என்று நான் நினைத்தேன். டாக்டர் எழுதிய உத்தரவோ எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தினமும் பி-ஒன் வைட்டமின் ஊசி. ஒரு நாளைக்குக் குளுக்கோஸ் ஒன்றரை பாட்டில், மிக மெதுவாக. இரண்டு மணிக்கு ஒருமுறை, ஆடை எடுத்து நீர் கலந்த பால், நாலு ஸ்பூன். அவ்வளவுதான்.

"என்ன டாக்டர், எலும்பும் தோலுமா கிடக்கிறாளே. இன்னும் கொஞ்சம் ஏத்தக்கூடாதா?"

"மெதுவா, வாத்தியாரே, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஏன் மெதுவாக என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? தெரியாது. முப்பது வருஷம் பிறர் கணக்கைத் திருத்தியவன் அடுத்தவர் கணக்கை லேசில் நம்பமாட்டான். வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தேன். ஒரு பாட்டிலில் ஐம்பது கிராம் சர்க்கரை, அதாவது இருநூறு கலோரி. ஒன்றரை பாட்டிலுக்கு முந்நூறு. பாலையும் சேர்த்தால் நானூற்றைம்பதைத் தாண்டாது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு இரண்டாயிரம் வேண்டும். இவர்கள் அவளைப் பட்டினி போடுகிறார்கள் என்று நிரூபித்து, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

பெண்கள் வார்டு என்பதால் எனக்கு மாலை நாலு மணியிலிருந்து ஆறு வரைதான் அனுமதி. அந்த இரண்டு மணி நேரமும் வார்டில் இருபத்துநாலு கட்டிலுக்கு ஒரே நர்ஸ், தேசம்மாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கோவளம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா மீன்பிடிப்பவர். அம்மா அஞ்சலை மீன்கூடையோடு எங்கள் தெருவுக்கே வருகிறவள். தாம்பரத்தில் அவளுக்கு வாடிக்கை அதிகம். மகள் படித்து நர்ஸான பெருமையைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவாள். "எம்பொண்ணு ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது சார்."

தேசம்மாளின் வேலை ஒரு ஒழுங்கோடு இருக்கும். பாட்டிலுக்குக் கீழே கண்ணாடிக் குமிழில் விழும் சொட்டுகளை, சட்டையில் குத்தியிருந்த சின்னக் கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிஷம் எண்ணுவாள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கமாட்டாள். பிறகு சிவப்பு ரப்பர் குழாயிலிருந்த இரும்புத் திருகை அரைச் சுற்று இப்படி, கால் சுற்று அப்படி.

"சிஸ்டர், இது எந்தக் காலத்துல முடியுறது? வண்டி மாடு மாதிரி போகுதே" என்றேன்.

"வண்டி மாடுதான் சார் வூடு போய்ச் சேரும்" என்று சிரித்தாள். "பெரிய டாக்டர் ஆர்டர். நான் தாண்டமாட்டேன்."

சபையிலிருந்து தினம் யாராவது வந்தார்கள். ஜெபம் செய்துவிட்டு ஆரஞ்சையும் குளுக்கோஸ் பொடி டப்பாவையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். பல்லாவரத்திலிருந்து என் தம்பி மனைவி தினமும் ரயிலேறி வந்து எஸ்தரின் தலையை வாரிப் பின்னிவிட்டுப் போவாள். நோயாளிக்குத் தலை வாருவது ஒரு வைத்தியமா என்று எரிச்சலாக இருந்தது. அந்த மாதம் முழுக்க எஸ்தருக்குத் தீங்கு செய்யாத ஒரே உபசாரம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. என் கண் அந்த டப்பாக்களின் மேலேயே இருந்தது. ஐந்து டப்பா, ஒன்றும் திறக்கப்படவில்லை.

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் மாலை, தேசம்மாள் கடைசிக் கட்டிலில் ஜுரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியைப் பாட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, திருகை இரண்டு சுற்று தளர்த்தினேன். சொட்டு சொட்டாக விழுந்தது நூலாக ஓடியது. அந்த வாரத்திலேயே எனக்கு நிம்மதி கிடைத்த முதல் நேரம் அது. ஆறு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பழைய அளவுக்கு இறுக்கிவிட்டேன். பாலிலும் ஒரு ஸ்பூன் குளுக்கோஸ் பொடியைக் கரைத்தேன். "இனிப்பா இருக்கே?" என்றாள் எஸ்தர். "இன்னைக்குப் பால் நல்ல பால்" என்றேன்.

மறுநாள் நான் போனதும் தேசம்மாள் நேரே என்னிடம் வந்தாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து நீங்க போனப்புறம் பாத்தா பாட்டில் காலி, வேற மாட்டினேன். நீங்க எதுனா தொட்டீங்களா?"

"நானா? எனக்கென்னம்மா தெரியும் அதைப்பத்தி?"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு திருகைப் பார்த்தாள். "அப்போ நான்தான் சரியா வெக்கல போல கீது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனாள். நான் செய்ததில் மிகக் கொடியது அந்த நிமிஷம்தான் என்று எனக்குப் புரியப் பத்து வருஷம் ஆனது. அன்று மாலையும் திருகைத் தளர்த்தினேன். அடுத்த நாளும்.

மூன்றாம் நாள் மாலை திருகைப் பழைய அளவுக்கு இறுக்கிவிட்டுத் திரும்பினால், எஸ்தரின் முகம் நிறைந்திருந்தது. ஒட்டிய கன்னம் மேடிட்டிருந்தது. கணுக்காலில் எலும்பு தெரியவில்லை. என் கணக்கு ஜெயித்துவிட்டது என்றே நினைத்தேன். "பார்த்தீங்களா சிஸ்டர், சதை போடுது!" என்று வார்டே கேட்கும்படி சொன்னேன்.

தேசம்மாள் சிரிக்கவில்லை. குனிந்து எஸ்தரின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். பிசைந்த மாவில் பதிந்தது போல விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"இது சதை இல்ல சார், தண்ணி" என்றாள். நாடியைப் பிடித்து முழு நிமிஷம் எண்ணினாள். நடுவில் அவள் உதடு நின்று நின்று அசைந்தது. நாடி இடையிடையே விட்டுவிட்டு அடிக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "அம்மா, கையைத் தூக்குங்க பாக்கலாம்." எஸ்தரின் கை மெத்தையிலிருந்து ஒரு சாண்கூட எழவில்லை. மூச்சு வாங்கியது. "விரலெல்லாம் மரத்துப்போச்சு" என்றவள், என்னைப் பார்த்து, "அப்பா, மாட்டை அவுத்துக் கட்டியாச்சா?" என்றாள். அவள் அப்பா இறந்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

தேசம்மாள் குழாயை விரலால் நெரித்து ஓட்டத்தை நிறுத்தினாள். திருகை முழுக்க இறுக்கிவிட்டு ஓடினாள். நர்ஸுகள் ஓடக்கூடாது என்று அங்கே விதி. அவள் ஓடினாள்.

ஞானமுத்து வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ஒரு பி-ஒன் ஊசியை நரம்பிலேயே போட்டார். அது முடிந்த பிறகு, நர்ஸ் குறிப்பெழுதும் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். கட்டிலுக்கடியில், ஸ்டோருக்குத் திருப்பி அனுப்ப எடுத்துவைத்திருந்த காலி பாட்டில்களைக் குனிந்து எண்ணினார்.

"மூணு நாளைக்கு நாலரை பாட்டில் ஆகணும். இங்க எட்டு கிடக்கு. ஷீட்ல ஸ்பீடு சரியா எழுதியிருக்க. பாட்டில் பொய் சொல்லுதா, நீ எழுதினது பொய்யா?"

"தெரியல சார்" என்றாள் தேசம்மாள். "சாயங்காலத்துல சீக்கிரம் முடியுது. நான் எண்ணித்தான் வெக்கிறேன். எப்படின்னு தெரியல."

டாக்டர் என்னிடம் திரும்பினார். "நீங்க சாயங்காலம் இங்கேதானே இருக்கீங்க? எதாவது கவனிச்சீங்களா?"

என் கையில் குளுக்கோஸ் டப்பா இருந்தது. எஸ்தர் செத்துவிட்டால் நான்தான் கொன்றவன் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். நான் சொன்னது இதுதான்: "சிஸ்டர் பக்கத்துல அதிகம் இருக்கிறதில்லை, டாக்டர். இருபத்துநாலு பேரைப் பார்க்கணுமே, பாவம்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. 'பாவம்' என்று வேறு சேர்த்துக்கொண்டேன். மீன் விற்பவள் மகள் என்பது என் மனதின் ஒரு மூலையில் இருந்தது என்பதையும் மறைக்கமாட்டேன். அவள் என் சபைப் பெண்ணாகவோ சக ஆசிரியரின் மகளாகவோ இருந்திருந்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பேனா?

அடுத்த சில நாட்கள் இன்னொரு விதமான காத்திருப்பு. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்கும் கருவி அங்கே இல்லை. நகரத்துக்கு அனுப்பவேண்டும், கொண்டுபோக ஆள் கிடையாது. நானே கொண்டுபோனேன். ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்குக்குள் எஸ்தரின் ரத்தம். மின்சார ரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரில் இருந்தவர், "காப்பியா சார்? ஆறிடப் போவுது" என்றார். தலையை ஆட்டினேன். பல்லாவரம் தாண்டி விமானம் தாழ்வாகப் பறந்தபோது எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நான் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நகரத்து லேப் ஜன்னலில் இருந்தவர் ஃபாரத்தில் ஒரு முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார். தாம்பரம் வந்து முத்திரை வாங்கிக்கொண்டு, வேறு ரத்தத்தோடு மறுபடி போனேன். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கோபத்துக்கு உரியவன் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்திருந்தான்.

முடிவு வந்தது. பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்றுதான் ஞானமுத்து என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார், உங்களுக்குப் புரியும். பட்டினி கிடக்கிற உடம்பு தன் கொழுப்பையே எரிச்சு ஓட்டும். உள்ளே இருக்கிற உப்புகளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தீர்ந்துபோகும். ஆனா ரத்தத்துல மட்டும் அளவு சரியாவே காட்டும், வெளியே தெரியாது. அப்போ திடீர்னு சர்க்கரையைக் கொட்டினா இன்சுலின் சுரக்கும். ஒவ்வொரு செல்லும் சர்க்கரையோட பொட்டாசியத்தையும் பாஸ்பேட்டையும் உள்ளே இழுத்துக்கும். ரத்தம் காலி. இதயம் தடுமாறும், தசை செயலிழக்கும், மூச்சு திணறும். சர்க்கரையை எரிக்க பி-ஒன் வேணும். அதுவும் தீர்ந்தா புத்தி கலங்கும். உப்பும் தண்ணியும் வெளியே போகாம தேங்கும், அதுதான் நீங்க பார்த்த வீக்கம்."

"இதைத் தெரிஞ்சுதான் மெதுவான்னு சொன்னீங்களா?"

"நான் யுத்தத்துல பர்மாப் பக்கம் இருந்தேன். முகாம்ல இருந்து மீட்ட ஆளுங்க, குச்சி குச்சியா வருவாங்க. நம்ம சிப்பாய்ங்க பாசத்துல டின்பாலும் சாக்லேட்டும் அள்ளிக் கொடுத்தாங்க. மூணாம் நாள், நாலாம் நாள் பொத்துபொத்துன்னு விழுந்தாங்க. மூணு வருஷம் பட்டினியில சாகாதவன் ஒரு டின் பால்ல செத்தான், வாத்தியாரே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்ககிட்ட இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். வார்டுல நேரம் எங்கே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "டாக்டர், நான்தான்" என்ற இரண்டு சொல் தொண்டைவரை வந்தது. "மறுபடி எப்போ ரத்தம் எடுக்கணும்?" என்று கேட்டேன்.

குளுக்கோஸ் அடியோடு நின்றது. இரண்டு நாள் கழித்து முன்பைவிடக் குறைவாகத் தொடங்கினார்கள். பி-ஒன் ஊசி தொடர்ந்தது. வாய் வழியாகப் பொட்டாசியக் கலவை. உப்பும் கைப்புமாக இருந்த அதை எஸ்தர் குமட்டிக் குமட்டி விழுங்கினாள். ஆடை எடுத்த பாலை மட்டும் டாக்டர் விடவில்லை. பாலில் பாஸ்பேட் இருக்கிறது, முகாமிலும் அதுதான் பலரைத் தூக்கி நிறுத்தியது என்றார். உப்பைக் குறைத்தார். தினமும் எடை, தினமும் கணுக்காலில் கட்டைவிரல். எடை கூடினால் நான் சந்தோஷப்பட, அவர் முகம் சுளிப்பார். அந்த வாரத்தில் கூடுவது தண்ணீர்தான், சதை இல்லை. பத்து நாள் கழித்துக் கணுக்கால் எலும்பு மறுபடி தெரிந்தது. ஒருநாள் எஸ்தர் கிண்ணத்தைத் தானே பிடித்து முழுதும் குடித்துவிட்டு, "என்னங்க, இன்னும் கொஞ்சம் கொடுக்கமாட்டாங்களா?" என்று கேட்டாள். "மெதுவா" என்றேன்.

டாக்டர் விசாரித்த மறுநாளே தேசம்மாளை வார்டிலிருந்து எடுத்துத் துணி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு மாதம் இருந்தது. அந்த ஆறு மாதமும் படுக்கை விரிப்பு எண்ணினாள். பிறகு நிரந்தரம் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள். கணுக்காலை அழுத்திப் பார்த்து எஸ்தரைக் காப்பாற்றியவள் அவள்தான் என்பதை யாரும் எங்கும் எழுதவில்லை.

அஞ்சலை தெருவுக்கு வருவதை நிறுத்தவில்லை.

"இன்னா சார், அம்மா தேறிட்டாங்களா? நல்லா கீறாங்களா? எம்பொண்ணுதான் பேஜாராகி வூட்ல குந்திகினு கீது. கை தப்பு பண்ணிடுச்சும்மான்னு அதையே சொல்லிகினு கீது."

நான் கூடையில் இருந்த நெத்திலியைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு கூறு போடு" என்பேன். பேரம் பேசமாட்டேன். வாரத்துக்கு இரண்டு நாள், பத்து வருஷம், பேரம் பேசாமல் மீன் வாங்கினேன். அதைத்தான் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கூடையோடு வேறொருத்தி வந்தாள். அஞ்சலை செத்துப்போய்விட்டாள் என்றாள். அன்று மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டில் இருந்த மீனை வெகுநேரம் பார்த்தாள்.

"அதுக்குத்தான் இத்தனை வருஷம் நெத்திலி வாங்கினீங்களா?"

"ஆமாம்."

"எனக்கு நெத்திலியே பிடிக்காது. உங்களுக்குப் பிடிக்கும்னு ஆக்கினேன்." தட்டைத் தள்ளிவைத்தாள். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? போய் அவகிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு வந்து என்கிட்ட பேசுங்க."

தேசம்மாள் அஸ்தினாபுரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இருப்பதாகப் புதிய மீன்காரி சொன்னாள். போனேன். பத்துக் கட்டில் உள்ள இடம். முப்பத்திரண்டு வயதில் அவளுக்கு முன்நெற்றி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்து, "வாங்க சார், அம்மா சௌக்யமா?" என்று நாற்காலி போட்டாள். உட்காராமலேயே சொன்னேன்.

அவள் முதலில், நான் எத்தனை சுற்று தளர்த்தினேன், எத்தனை மணிக்கு இறுக்கினேன் என்று கேட்டாள். சொன்னேன். ஒரு ஷீட்டைச் சரிபார்ப்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு அவள் குரலில் அவள் அம்மாவின் பேச்சு வந்தது.

"நான் கேட்டேனே சார். உங்க மூஞ்சிக்கு நேரா கேட்டேனே, தொட்டீங்களான்னு. பத்து வருசம் சார்! ஒரு பாட்டில் மாட்டினா நாலு தபா போயி பாப்பேன். சாப்பாட்டுல கை வெச்சிகினு இருக்கும்போது எழுந்து ஓடுவேன். என் கையையே நான் நம்பல. எங்கம்மாவுக்குக் கடைசியில பாட்டில் ஏத்துனாங்க. அதை நான் மாட்டமாட்டேன்னுட்டேன், தெரியுமா? வேற பொண்ண மாட்டச் சொன்னேன். நீங்க இன்னாடான்னா எங்கம்மாகிட்டயே மீன் வாங்கிகினு இருந்தீங்க."

மன்னிப்புக் கேட்டேன். "அது உங்களுக்கு வேணும். எனக்கு அத்த வெச்சிகினு இன்னா பண்றது?" என்றாள். "எழுதிக் குடுங்க. நல்லா எழுதுவீங்களே."

எழுதினேன். கையெழுத்திட்டு ஒரு பிரதியை அவளிடமும் ஒன்றை ஆஸ்பத்திரியிலும் கொடுத்தேன். அந்த வருஷத்து வார்டு காகிதங்கள் இப்போது இல்லை, ஆகவே மேல்நடவடிக்கைக்கு வழியில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே பதில். அப்போது எனக்கு வந்த ஆத்திரம்! ஒரு பெண்ணைத் தண்டிக்க எட்டுக் காலி பாட்டில் போதுமாக இருந்தது. அவள்மேல் தப்பில்லை என்று சொல்ல, தப்பு செய்தவனின் கையெழுத்துக்கூடப் போதவில்லை.

ஞானமுத்து ஓய்வுபெற்றுப் பல்லாவரத்தில் இருந்தார். போய்ச் சொன்னேன். பர்மா நினைவிருந்தது. எஸ்தரின் குடலை எந்த இடத்தில் வெட்டினார் என்பதுகூட நினைவிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்த நர்ஸ்?" என்றார். பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன், ஓடினாளே என்றேன். நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, கையை விரித்தார்.

ஆஸ்பத்திரியின் பதில், டாக்டரின் மறதி, இரண்டையும் தேசம்மாளிடம் போய்ச் சொன்னேன். "செரி சார்" என்றாள். "இனிமே வராதீங்க. கோவத்துல சொல்லல. உங்களப் பாத்தா வேல ஓடல." என் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். எஸ்தர் அன்றிலிருந்து என்னோடு பேசினாள். வீட்டில் நெத்திலி ஆக்குவதில்லை.

போன மாதம் நானே அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வயிற்றுப்புண், மூன்று வாரம் எதுவும் தங்கவில்லை. வரிசைகள் அப்படியே இருந்தன. முத்திரை மட்டும் பெரிதாகியிருந்தது. நான் இளைத்திருந்ததைப் பார்த்துவிட்டு டாக்டரே முதலில் பி-ஒன் ஊசி எழுதினார். குளுக்கோஸ் மெதுவாக என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பாட்டிலை மாட்டியது ஒரு இளம் நர்ஸ். பாட்டிலின் பக்கவாட்டில் நீளமாக ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, எத்தனை மணிக்கு எதுவரை இறங்கவேண்டும் என்று கோடு கோடாகக் குறித்தாள். முழு நிமிஷம் சொட்டு எண்ணினாள். பிறகு திருகைச் சுற்றி இன்னொரு துண்டு பிளாஸ்திரியைச் சுற்றி, அதன்மேல் கையெழுத்துப் போட்டாள்.

"இது யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"நான் மொதல்ல அஸ்தினாபுரத்துல வேலை பார்த்தேன் சார். அங்க எங்க தேசம்மா சிஸ்டர் இப்படித்தான் ஒட்டச் சொல்லுவாங்க. புதுசா யார் சேர்ந்தாலும் ஒரு லெட்டரை எடுத்துப் படிச்சுக் காட்டுவாங்க. யாரோ படிச்ச மனுஷன், வாத்தியாராம், சொந்த சம்சாரத்தோட பாட்டிலைத் திருகிவிட்டுட்டு நர்ஸை மாட்டிவிட்டாராம். அதனால படிச்சவங்க பக்கத்துல உக்காந்தா ரெண்டு தடவை பாருங்கன்னு சொல்லுவாங்க."

"அந்த வாத்தியார் நான்தாம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் என் கை எட்டும் தூரத்தைக் கண்ணால் அளந்தாள். பாட்டில் தொங்கிய கம்பியைக் கட்டிலிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாள். பிறகு சுருளை எடுத்து, பல்லால் இன்னொரு துண்டு பிளாஸ்திரியைக் கிழித்து, திருகின்மேல் ஒட்டினாள்.